நுனி ஒயரும் வேர் ஒயரும்

எங்கள் வாழைக்காட்டுப்புதூரில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. எண்ணூறு விசைத்தறிகள் இரவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கிற ஊரில் புருசன் பெண்டாட்டியிடம் கொஞ்சுவதாக இருந்தாலும் தொண்டை கிழியக் கத்தித்தான் கொஞ்ச வேண்டும், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் பாதிக் காது போய்விட்டதால்தான் எல்லோருடைய மானமும் ஏதோ தப்பிப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், எந்த ஒயரில் பாட்டு இனிமையாகக் கேட்கிறது என்று நான்கு மாதம் சண்டை நடந்தது. சிரிக்க வேண்டாம். நானும் அந்தச் சண்டையில் இருந்தேன், அதுவும் தப்பான பக்கத்தில் இருந்தேன், அதனால்தான் அடுத்தவர் வாயில் விடாமல் நானே சொல்கிறேன்.

தறிக்கூடத்தில் நிற்கிற எங்கள் எல்லோர் தலையிலும் ஒரு ஹெட்போன் இருக்கும். காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன், சட்டைப் பையில் செல்போன், நடுவில் மூன்றடி ஒயர். தறிச் சத்தத்துக்கு மேலே ஒரு பாட்டு ஓடினால்தான் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். வேர்வையும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து அந்த ஒயரை இரண்டு மாதத்தில் தின்றுவிடும், அப்புறம் ஒரு காதில் மட்டும் பாட்டு வரும், அப்புறம் அதுவும் நிற்கும். அப்போது நாங்கள் போய் நிற்கிற இடம் அம்சவேணியின் கடை.

அம்சவேணி எங்கள் ஊருக்கு வாழ வந்தவள், நாற்பத்திரண்டு வயது, தறியில் ஒரு நாள்கூட நிற்காதவள். ஆகவே ஊரிலேயே முழுக் காது உள்ள ஒரே ஆள் அவள்தான். தறி உரிமையாளர் சங்கக் கட்டடத்தின் கீழே, மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போடும் அளவுக்குத்தான் அவள் கடை. பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, யார் ஹெட்போனைக் கொண்டுவந்து நீட்டினாலும் முதலில் தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "வலப்பக்கம் போயிருச்சுங்", "பின்னுகிட்ட அந்துருக்குதுங்" என்று சொல்வாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் காதை நம்பித்தான் ஊர் பாட்டுக் கேட்டது.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் அவள் ஒரு பழைய இயர்போனின் அறுந்த ஒயரைத் துண்டாக வெட்டி, வாசலில் துளசி பட்டுப்போய் வெறும் மண்ணாகக் கிடந்த பெயின்ட் வாளியில் எறிந்தாள். மூன்றாம் நாள் அது முளைவிட்டது. ஆறாம் நாள் ஒரு முழம் வளர்ந்தது. கறுப்புத் தோல், உள்ளே செம்பு, சாணுக்கு ஒரு கணு, கணுவுக்கு ஒரு இலை, இலை புளிய இலை அளவுக்கு, வெயில் பட்டால் மினுங்கும். எதிர் டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே பார்த்துவிட்டு, "கொடி வாடுதும்மிணி, சாயங்காலமும் தண்ணி ஊத்து" என்றார். அம்சவேணி சாயங்காலமும் தண்ணீர் ஊற்றினாள்.

கார்த்திகைக்குள் கொடி ஷட்டர் மேல் ஏறி, மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, சங்கத்தின் பெயர்ப் பலகையில் பாதியை மூடிவிட்டது. மின்வாரியத்து ஆள் ஒருவர் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார், கரண்டு இல்லை என்றதும் இதற்கு இணைப்பு எதுவும் வாங்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஆகும் என்று இரண்டு முழம் வெட்டிக்கொண்டு போனார். ஒரு ஆடு கீழ்க்கொப்பில் நாலு கணுவைத் தின்றுவிட்டு மறுநாள் செம்பாகப் போட, ஆட்டுக்காரர் அதைக் கழுவிப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டார். வெட்டிய இடத்தில் இரண்டு நாளில் மறுபடி துளிர்த்தது. தோலை நகத்தால் கீறினால் உள்ளே மூன்று இழை, கடையில் விற்கிற ஒயரில் எப்படி இருக்குமோ அப்படியே. அம்சவேணி மூன்றடி வெட்டுவாள், முனைக்கு முனை பின் பற்றவைப்பாள், கொடுப்பாள். ஒயருக்குக் காசு வாங்குவதில்லை, முளைத்ததற்கு என்ன காசு என்பாள். கார்த்திகை தீபத்தன்று ஊரில் பாதிப் பேர் தலையில் கொடி ஒயர்தான் இருந்தது, ஒருத்தரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பாட்டுக் கேட்டது, அவ்வளவுதான்.

அப்படியே விட்டிருந்தால் நாங்கள் நல்லவர்களாகச் செத்திருப்போம்.

எங்கள் ஊர்க்காரர்களின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் அது ஒரு தராசு. நூலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு உருட்டு உருட்டினால் போதும், இது நாற்பதாம் நம்பர், இது அறுபதாம் நம்பர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு, மெலிசு என்றால் ஒசத்தி. நடக்கப் பழகும்போதே கையில் ஏறிய பாடம் இது. அந்தப் பாழாய்ப்போன கையால் ஒயரையும் உருட்டினோம். கொடியின் நுனியில் ஒயர் மெலிசாக, வழவழப்பாக இருந்தது. நடுக்கொடி சுமார். வேர்ப்பக்கம் தடிமனாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. சங்கத் தலைவர் சென்னியப்பன்தான் முதலில் சொன்னவர். ஐம்பத்தாறு தறிக்குச் சொந்தக்காரர், நான் நிற்கிறதும் அவர் கூடத்தில்தான், நூலை உருட்டிப் பார்ப்பதில் நாலு ஊருக்கு அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் நுனி ஒயரை உருட்டினார், மாட்டிக்கொண்டார், கண்ணை மூடினார், "எண்பதாம் நெம்பரு" என்றார். "நாயனத்துக்காரன் மூச்சு விடறதுகூடக் கேக்குது. வேர் ஒயர்ல இது கேக்காது, அது இருபதாம் நெம்பரு."

அதற்கப்புறம் எங்கள் எல்லோர் காதும் திறந்துகொண்டது. ஆற்றுத் தண்ணீர் ஊற்றிய வாரம் வெட்டிய ஒயரில் வயலின் ஈரமாகக் கேட்டது, போர்வெல் தண்ணீர் ஊற்றிய வாரத்து ஒயரில் அதே வயலின் உப்புக் கரித்தது. கிழக்கே படர்ந்த கொப்பில் பெண் குரல் நன்றாக இருந்தது, மேற்கே படர்ந்ததில் தவில் நன்றாக இருந்தது. கொடி வளர்ந்த திசையிலேயே பாட்டும் போக வேண்டும், திருப்பி மாட்டினால் பாட்டு மலை ஏறுகிற மாதிரி முக்குகிறது என்று ஒருவர் சொன்னார், மறுநாளே ஊர் முழுக்க ஒயரில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டுக்கொண்டது. புது ஒயரை உடனே கேட்கக் கூடாது, நாற்பத்தெட்டு நாள் விரதம் மாதிரி அதில் பாட்டை ஓடவிட்டு அப்புறம்தான் காதில் வைக்க வேண்டும் என்றார்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்கிறபோது ஒயர் தரையில் பட்டால் மண் பாட்டை உறிஞ்சிவிடும் என்று காலி நூல் கோன்களை வரிசையாக நிறுத்தி, ஒயரை அதன் மேல் பாலம் மாதிரி ஏற்றி வைத்தார்கள். என் வீட்டிலும் ஏழு கோன் நின்றது.

எனக்கு நடுக்கொடி ஒயர் கிடைத்திருந்தது. பக்கத்துத் தறியில் நிற்கிற பாவாயிக்கு வேர் ஒயர். இருபது வருசமாக ஒரே ஷிப்டில் நிற்கிறோம், என் பாவு நூல் அறுந்தால் நான் பார்ப்பதற்கு முன்னால் அவள் பார்த்து நிறுத்துவாள். அவளிடம் நான் ஒரு நாள் சொன்னேன், "பாவாயக்கா, உன்ர ஒயரு வேரு. அதான் உனக்குப் பாட்டு மண்ணாக் கேக்குது."

"எனக்கு நல்லாத்தானே கேக்குது, கொழந்தவேலு."

"நல்லாக் கேக்குதுன்னு நீ நெனச்சுக்கறே."

அவள் ஹெட்போனைக் கழற்றி ஒயரைப் பார்த்தாள், மறுபடி மாட்டிக்கொண்டாள், ஆனால் அன்றைக்கு முழுக்க அவள் தலை ஆடவில்லை. பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே தறி ஓட்டுகிறவள் அவள். எனக்கும் என் நடுக்கொடியில் ஒரு மயிரளவு வித்தியாசமும் கேட்கவில்லை என்பதை இப்போது சொல்கிறேன், அப்போது சொல்லவில்லை. என் அக்கா மாதிரி இருந்தவளிடமிருந்து ஒரு பாட்டைப் பிடுங்கினேன், வெட்கமாக இருக்கிறது.

அம்சவேணி ஒருத்திதான் எல்லோரிடமும் ஒரே பதில் சொன்னாள். "இது நூல் இல்லீங்கண்ணா. கரண்டு போற வழி. நாடு கடந்தா போகுது, மூணு அடிதானே, அதுக்குள்ள அது எங்கயும் தடுமாறாது. நுனியும் வேரும் ஒண்ணாத்தான் கேக்குது. ஒயரு அந்தாத்தான் வித்தியாசம், அறாத வரைக்கும் ஒண்ணுதான்."

"கொடியா மொளச்ச ஒயரு, அதுல விசேசம் இருக்காதா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"மொளச்சது அதிசயந்தானுங்க, யாரு இல்லைன்னா? அதுக்காகப் பாட்டு மாறோணும்னு சட்டமா?"

இந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஒயர் முளைத்ததை வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்ட ஊருக்கு, அது வெறும் ஒயர்தான் என்று ஒருத்தி சொன்னது பொறுக்கவில்லை.

எங்கள் ஊரில் மாதம் ஒரு நாள், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும், பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அந்த ஒரு நாள்தான் ஊர் வாயை மூடும். குயில் என்று ஒன்று இருப்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிவதே அந்த நாளில்தான். தை மாதத்துக் கரண்டு இல்லாத நாளில் சென்னியப்பன் சங்கத்து மாடி மண்டபத்துக்கு ஊரைக் கூப்பிட்டார். நடுவில் ஒரு நாற்காலி. அவரே தன் வெள்ளைத் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார். ஒரு ஹெட்போன், ஒரு போன், ஒரே நாயனம். நுனி ஒயரையும் வேர் ஒயரையும் மாற்றி மாற்றி மாட்டச் சொன்னார். அவர் சொன்ன பத்தும் சரி. "நுனி. வேர். வேர். நுனி." ஒன்றுகூடத் தப்பவில்லை. பட்டாசு வெடித்தோம். நான் பாவாயியைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்தாயா என்கிற மாதிரி.

அம்சவேணி சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள், சத்தம் அடங்கியதும் முன்னால் வந்தாள். "தலைவருங்க பத்தும் சரியாச் சொன்னீங்க. ஆனா காதால சொல்லலீங்க."

"பின்ன மூக்காலயா?" என்றார் அவர். மண்டபம் சிரித்தது, நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

அன்றைக்கே சங்கம் முடிவு எழுதியது. இனிமேல் நுனி ஒயர் தறி உரிமையாளர்களுக்கு, நடுக்கொடி கணக்கர்களுக்கும் மேஸ்திரி சொல்கிற ஆட்களுக்கும், வேர் ஒயர் தறி ஓட்டுகிறவர்களுக்கு. கூடத்துச் சத்தத்தில் அதுவே போதும். ஒவ்வொரு ஒயரிலும் இன்ன ரகம் என்று அம்சவேணி தன் கையால் சீட்டுக் கட்ட வேண்டும், அவள் காதை ஊர் நம்புகிறது, ஆகவே அவள் கட்டினால்தான் அது செல்லும். கட்ட மாட்டேன் என்றால் அடுத்த கரண்டு இல்லாத நாளன்று கடையைக் காலி செய்துகொள்ளலாம். கொடி சங்கத்துச் சுவரில் படர்ந்திருப்பதால் அது சங்கத்தோடதுதான். சங்கத்துக் கணக்கர் ஒரு கட்டு அட்டைச் சீட்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

அவள் அந்தச் சீட்டை எடுத்து, சூட்டுக்கோல் மேசையைச் சுடாமல் இருக்க அதன் கீழே அண்டை கொடுத்தாள்.

ஊர் அவளுக்குப் புத்தி சொல்லக் கிளம்பியது. நானும் போனேன். "ஒரு சீட்டுதானே அம்சா, கட்டிப்போட்டுப் போ. யாருக்கு என்ன நட்டம்?"

"குழந்தைவேலண்ணா, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு வித்தியாசம் கேக்குதுங்களா?"

நான் கீழே பார்த்தேன். "கேக்குது" என்றேன்.

"கேக்குதுன்னா சரீங்" என்றாள். கோபிக்கவில்லை. என் ஹெட்போனை வாங்கி ஊதிப் பஞ்சைத் தட்டிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குன்னு இந்த ஊருல இருக்கறது என்ர காது ஒண்ணுதானுங்கண்ணா. கேக்காததக் கேட்டேன்னு ஒரு சீட்டு கட்டிட்டா, நாளைக்கு வலப்பக்கம் போயிருச்சுன்னு நான் சொன்னா யாரு நம்புவாங்க? நானே நம்ப மாட்டேன்" என்றாள். "அவரு எப்புடிப் பத்தும் சொன்னாருன்னு எனக்குத் தெரியுமுங்க. பாட்டு ஓடறப்ப அவரு கையப் பாத்தீங்களா? ஒயர உருட்டிட்டே இருந்தாரு."

நான் பார்த்திருந்தேன். மண்டபத்தில் இருந்த இருநூறு பேரும் பார்த்திருந்தோம். மடியில் கிடந்த ஒயரை அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூல் பார்க்கிற மாதிரி உருட்டிக்கொண்டே இருந்தன, எங்கள் விரலும் எப்போதும் அப்படித்தான் இருக்கும் என்பதால் அது எங்கள் யாருக்கும் ஒரு காரியமாகவே தெரியவில்லை. அவர் ஏமாற்றவும் இல்லை. விரல் கண்டுபிடித்ததைக் காதுதான் கண்டுபிடித்தது என்று அவர் மனசாரவே நம்பினார்.

மறுநாள் காலை அம்சவேணி தன் கடை ஷட்டரில் சாக்பீஸால் எழுதிப் போட்டாள். "கண்ணோடு கையையும் கட்டிக்கொண்டு தலைவர் பத்துக்கு எட்டு சொல்லட்டும். சொன்னால் சீட்டு கட்டுகிறேன். சொல்லாவிட்டால் ரகமும் இல்லை, சீட்டும் இல்லை, கடை என்னுடையது."

அதைப் படித்துவிட்டு ஊர் ஆடிப்போனது. கையைக் கட்டுவது என்பது எங்கள் ஊரில் சாதாரணப் பேச்சு இல்லை. முதலாளி முன்னால் நாங்கள்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம், எங்கள் அப்பன்களும் அப்படித்தான் நின்றார்கள், முதலாளி ஒருவர் எங்கள் முன்னால் கையைக் கட்டி உட்காருவது என்பதை அதுவரை ஒருவரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை, நினைத்துப் பார்த்த மாத்திரத்தில் எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பை எல்லோரும் துண்டால் துடைத்துக்கொண்டோம். சென்னியப்பன் இருபது நாள் அந்த வழியாகப் போகவில்லை. அவர் கூடத்தில் ஒரு நாள் பாவாயி தறியை நிறுத்திவிட்டு, நூல் வாங்க வந்தவள் மாதிரி அவர் மேசைக்கு முன்னால் போய் நின்று, "முதலாளிக்கு அவுங்க காது மேல நம்பிக்கை இல்லீங்களாமா? ஊர்ல பேசிக்கறாங்க" என்று கேட்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தித்தான் கேட்டாள், எங்கள் ஊரில் வேறு மாதிரி கேட்க வழி இல்லையே.

"எவஞ் சொன்னான்? கட்டச் சொல்லு கைய!" என்று அவரும் கத்தினார்.

மாசி மாதத்துக் கரண்டு இல்லாத நாள் வந்தது. ஒன்பது மணிக்கு எண்ணூறு தறியும் ஒன்றாக மூச்சை நிறுத்தின. மண்டபத்தில் இடம் இல்லாமல் படிக்கட்டிலும் நின்றோம். கணக்கர் கடைக்குப் போடுவதற்கு ஒரு புதுப் பூட்டைக் கையோடு கொண்டுவந்து மேசை மேல் வைத்திருந்தார். சென்னியப்பன் வந்தார், உட்கார்ந்தார், தன் வெள்ளைத் துண்டை உதறி மடித்துத் தானே கண்ணைக் கட்டிக்கொண்டார், பின்னந்தலையில் இரண்டு முடிச்சுப் போட்டார். அப்புறம் இரண்டு கையையும் பின்னால் நீட்டினார். அம்சவேணி ஒரு கரைத்துணி நாடாவால் மணிக்கட்டைச் சேர்த்துக் கட்டினாள், வலிக்காமல், அவிழாமல். ஒயர் அவர் சட்டையில்கூடப் படாதபடி நாற்காலிக்குப் பின்னால் விட்டாள். கரும்பலகையில் குறிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள், நான் அவர்கள் பக்கத்து ஆள் என்று சங்கம் நம்பியது.

பாவாயி ஒரு துணியின் மேல் காசைச் சுண்டுவாள். பூ விழுந்தால் நுனி, தலை விழுந்தால் வேர். எல்லோருக்கும் உயர்த்திக் காட்டிவிட்டு ஒயரை மாட்டுவாள். நாயனம் ஓடும். அவர் சொல்வார், நான் குறிப்பேன்.

முதலில் அவர் "நுனி" என்றார். நுனிதான். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. இரண்டாவது "வேர்" என்றார், நுனி. மூன்றாவது "நுனி" என்றார், வேர். நான்காவதில் நாயனம் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நாற்காலிக்குப் பின்னால் அவர் கையைத்தான் பார்த்தோம். கட்டிய கையின் இரண்டு விரலும் வெறும் காற்றை உருட்டிக்கொண்டிருந்தன. உருட்டி உருட்டித் தேடின. அந்த விரல்களில் நான் என்னைத்தான் பார்த்தேன், எனக்கு அவர் மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

பத்தும் முடிந்தது. பலகையில் சரி ஐந்து, தப்பு ஐந்து. கணக்கர் என் பக்கத்தில் வந்து, "அந்த ஏழாவது சரியாத்தானே சொன்னாரு, பாத்து எழுது" என்று காதுக்குள் கத்தினார். ஏழாவது தப்பு. எனக்கு நாலு மாதமாக வராத வார்த்தை அப்போதுதான் வந்தது. "தப்புங்க" என்றேன், "எனக்கும் வித்தியாசம் கேக்கலீங்க, ஒரு நாளும் கேக்கல. பொய் சொன்னேன்." இதை அவரிடம் சொல்லவில்லை, பாவாயியைப் பார்த்துச் சொன்னேன். அவள் காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "தெரியும்" என்றாள்.

அம்சவேணி அவர் தலையிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு அவர் காதருகே குனிந்தாள். "அஞ்சுங்க. காச மட்டும் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் அஞ்சு வந்துருக்குமுங்க."

அவர் கண்கட்டோடு, கைக்கட்டோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முன்னால் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "செரி. ஒத்துக்கறேன். வித்தியாசம் கேக்கல. நுனியும் வேரும் ஒண்ணாத்தான் கேக்குது."

அதோடு நிற்கவில்லை அவர்.

"ஆனா நுனி எங்களுக்குத்தான். வித்தியாசம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ஆளுக்கு ஆளு ஒரு ரகம் வேணுமில்ல? சீட்டு கட்டியே ஆவோணும். இல்லீன்னா கணக்கரே, பூட்ட எடுங்க."

அம்சவேணி நிமிர்ந்தாள். அவள் கத்தவில்லை, முழுக் காது உள்ளவள், அவளுக்குக் கத்தத் தெரியாது. "கட்ட மாட்டேனுங்க" என்றாள். "இன்னைக்கும் மாட்டேன், கடைய இடிச்சாலும் மாட்டேன். வேணுமுன்னா நீங்களே ஒரு சீட்டு எழுதி உங்க சட்டைல கட்டிக்கோங்க." கரண்டு இல்லாத நாள் என்பதால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

முதலில் எழுந்தவள் பாவாயி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவளுக்குப் பின்னால் எங்கள் கூடத்துப் பெண்கள் எழுந்தார்கள், அப்புறம் நூல் சுற்றுகிறவர்கள், பாவு ஓட்டுகிறவர்கள், அப்புறம் டீக்கடைக்காரர், அப்புறம் ஐந்தாறு தறி மட்டும் வைத்திருக்கிற சின்ன முதலாளிகள், ஒருவர் பின்னால் ஒருவராக, இருநூறு பேர், படிக்கட்டில் நின்றவர்களையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கினார்கள். கடை வாசலில் நின்று கை எட்டிய இடத்தில் கொடியை வெட்டினார்கள். உயரமானவனுக்கு உயரத்தில் இருந்தது, குட்டையானவளுக்கு அடியில் இருந்தது, எது யாருக்கு விழுந்தது என்று ஒருவரும் உருட்டிப் பார்க்கவில்லை. கணக்கர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், தனக்கு மிஞ்சாதோ என்று பயம் வந்திருக்க வேண்டும், பூட்டை மேசை மேலேயே விட்டுவிட்டு ஓடினார்.

சென்னியப்பனுக்கு இது எதுவும் தெரியாது. நாயனக்காரனின் மூச்சைக் கேட்டதாகச் சொன்ன காதில் இருநூறு பேர் எழுந்து போன சத்தம் விழவில்லை. அவர் நாங்கள் எல்லோரும் முன்னால் கையைக் கட்டி நிற்பதாக நினைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். மேற்கு வீதிக்கு எத்தனை நுனி, கிழக்கு வீதிக்கு எத்தனை, யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று காலி மண்டபத்துக்குப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி, "என்ன, செரிதானே?" என்று கேட்டார், கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருந்தார், மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மேலே போனார்.

மண்டபத்தில் அம்சவேணியும் சாக்பீஸோடு நானும்தான் இருந்தோம். அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் மண்டியிட்டு, அவர் மணிக்கட்டில் தான் கட்டிய நாடாவைப் பொறுமையாக அவிழ்த்தாள். அவிழ்த்தது தெரிந்தும் அவர் கையை முன்னால் கொண்டுவரவில்லை, பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவள் நாடாவைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு படிப்பக்கம் நடந்தாள்.

"அம்சா," என்றேன், "கண்ணுல துண்டு இருக்குது."

"கைய நான் கட்டுனேன், அவுத்துட்டேனுங்கண்ணா," என்றாள் அவள். "கண்ண அவரேதான் கட்டிக்கிட்டாரு."

நாங்கள் படியிறங்கினோம்.